ஒல்லி என்றால் சுகதேகியா? தடித்தால் நோயாளியா?

முதலாம் தவணை தொடங்கியதும் நமது பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ஆயத்தங்களும் தொடங்கிவிடும். மெலிந்து உயர்ந்தவன் ஓட்டத்துக்கு. தடித்தவன் குண்டு போடுதலுக்கும் கயிறு இழுத்தலுக்கும். தோள் அகன்றவன் எல்லாவற்றுக்கும். மிகுதிப் பேர் கூடாரத்தின் கீழ் இருந்து கைதட்டுவதற்கு. பல இடங்களில் பிள்ளையை ஓடவிட்டுப் பார்ப்பதும் இல்லை, எறியவிட்டுப் பார்ப்பதும் இல்லை. மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாலே போதும் என்ற நினைப்பு ஊறிப்போயிருக்கின்றது.

இதே பார்வை வீட்டிலும் உண்டு. பெருநாளைக்கு வரும் சாச்சி வாசலில் வைத்தே கேட்பது, "என்ன மகள், உடம்பு வெச்சிட்டு?" என்பதைத்தான். வலீமா வீட்டில் ஸஹனைச் சுற்றி இருக்கும்போது மெலிந்த மனிதரைப் பார்த்து, "உங்களுக்கென்ன காக்கா, சீனியா பிறஷரா, நல்லாப் போட்டுச் சாப்பிடுங்க" என்று இன்னும் ஒரு கரண்டி வைக்கப்படுகின்றது. அந்தக் கேள்வி ஒரு பிள்ளையைக் கூனிக் குறுக வைக்கின்றது. இந்த உபசரிப்பு ஒரு மனிதரை ஏமாற்றுகின்றது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: தோற்றத்தைப் பார்த்தே சுகத்தை அளந்துவிடலாம்.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி, எந்த இடத்தில் பிழைக்கின்றது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பதிவு நீளமானதுதான். வீட்டில் வளரும் பிள்ளைகள் உள்ளவர்களும் நாற்பதை நெருங்குகின்றவர்களும் நேரம் எடுத்து வாசியுங்கள்.

மூன்று வகை எங்கிருந்து வந்தது?

மனித உடம்பை வகை பிரிப்பது புதிய பழக்கம் அல்ல. யூனானி வைத்தியரிடம் போனவர்களுக்கு ‘மிஸாஜ்’ என்ற சொல் தெரிந்திருக்கும். இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கின் கலப்பைக் கொண்டு ஒருவருடைய உடல் இயல்பைக் கணிக்கும் முறை அது. கிரேக்கர்களிடம் தொடங்கி, இப்னு ஸீனா போன்றவர்கள் விரிவாக எழுதி, நமது நாட்டு யூனானி வைத்தியர்கள் வரை வந்து சேர்ந்தது. சித்த வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் என்பார்கள். அந்தக் கணிப்புகளை இன்றைய விஞ்ஞானம் அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும் நல்ல வைத்தியர் ஒருவர் நாடி பார்த்து, பசியையும் நித்திரையையும் விசாரித்த பின்னர்தான் வாய் திறப்பார். வாசலில் வைத்தே தீர்ப்புச் சொல்லமாட்டார்.

இன்று இளைஞர்களின் கைத்தொலைபேசியில் ஓடும் மூன்று வகை வேறு. எக்டோமோர்ப் என்றால் மெலிந்து நீண்ட உடம்பு. மெசோமோர்ப் என்றால் தசைப்பிடிப்பான உடம்பு. எண்டோமோர்ப் என்றால் உருண்டு திரண்ட உடம்பு. இப்பெயர்களைக் கொண்டுவந்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1940ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், கருவில் முதலில் உருவாகும் மூன்று படைகளின் பெயர்களிலிருந்து இவற்றை அமைத்தார். ஒவ்வொரு மனிதருக்கும் மூன்று தன்மைகளிலும் 1 முதல் 7 வரை புள்ளி கொடுத்தார். அதாவது, எல்லோரிடமும் மூன்றும் கலந்தே இருக்கின்றன, அளவுதான் வேறுபடுகின்றது என்பது அவருடைய கணக்கு. இணையத்தில் சுற்றத் தொடங்கியதும் அந்தப் புள்ளிகள் கழன்று விழுந்து, மூன்று பெட்டிகள் மாத்திரம் மிஞ்சிவிட்டன.

ஷெல்டன் அதோடு நிற்கவில்லை. உடம்பைப் பார்த்து மனிதரின் குணத்தையும் சொல்லலாம் என்றார். மெலிந்தவர் கூச்ச சுபாவம் உள்ளவர், தசையுள்ளவர் துணிச்சல்காரர், தடித்தவர் சாப்பாட்டையும் சொகுசையும் விரும்புபவர் என்பது அவருடைய வாதம். அந்த ஆய்வுக்காகப் பெயர்பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் புதுமுக மாணவர்களை உடையின்றி நிறுத்தி எடுத்த படங்களைப் பயன்படுத்தினார். 1950இல் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மாணவி ஒருவர் வீட்டில் போய்ச் சொன்னதும் எதிர்ப்புக் கிளம்பி, அங்கு எடுத்த படங்கள் எரிக்கப்பட்டன. குணத்தைப் பற்றிய அந்த வாதத்தை உளவியல் உலகம் பிற்காலத்தில் கைவிட்டுவிட்டது. நமது வகுப்பறைகளில் அது இன்னும் உயிரோடு இருக்கின்றது. தடித்த பிள்ளை என்றால் சோம்பேறி, மெலிந்த பிள்ளை என்றால் பயந்தாங்கொள்ளி என்று சொல்லும்போதெல்லாம், பெயர் தெரியாமலேயே ஷெல்டனைத்தான் நாம் திருப்பிச் சொல்கின்றோம்.

உடல் வகை பிறப்பிலிருந்து இறப்பு வரை மாறாது என்றும் ஷெல்டன் சொன்னார். அதை அவருடன் சேர்ந்து வேலை செய்த பார்பரா ஹீத் என்பவரே ஏற்கவில்லை. அவரும் லின்ட்சே கார்ட்டரும் 1967இல் புதிய முறையொன்றை வெளியிட்டனர். உயரம், நிறை, தோல்மடிப்பின் தடிப்பு, எலும்பின் அகலம், புயத்தினதும் கெண்டைக்காலினதும் சுற்றளவு ஆகியவற்றை அளந்து கணிக்கும் முறை அது. விளையாட்டு விஞ்ஞானத்தில் இன்றும் பாவனையில் இருப்பது அதுதான். அந்த முறையின்படி உடல் வகை என்பது அளந்த நாளில் உள்ள நிலை. பயிற்சியோடும் உணவோடும் வயதோடும் அது மாறும்.

எது மாறாது, எது மாறும்?

உடலமைப்பு என்று ஒன்றுமே இல்லை, எல்லாம் முயற்சிதான் என்று சொல்வதும் உண்மையல்ல. காலின் நீளம், தோள் எலும்பின் அகலம், மூட்டுகளின் அமைப்பு ஆகியவை பெரும்பாலும் பரம்பரையாக வருபவை. கொழுப்பு வயிற்றில் சேருமா தொடையில் சேருமா என்பதிலும் பரம்பரைக்குப் பங்கு உண்டு. இவற்றை எந்த மாஸ்டராலும் மாற்ற முடியாது. தசையின் வலிமை, தாங்குதிறன், நெகிழ்வு, இருதயமும் நுரையீரலும் வேலை செய்யும் திறன், உடம்பில் கொழுப்பின் பங்கு ஆகியவை பயிற்சியால் மாறுபவை. சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் உடற்தகைமை என்று நாங்கள் கற்பிப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது பட்டியலில்தான் இருக்கின்றது.

உயர்மட்டப் போட்டிகளில் உடலமைப்பு கைகொடுக்கும் என்பதும் உண்மை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் இரண்டு மீற்றருக்கும் கூடிய உயரமுள்ளவர். 2018இல் இலங்கை ஆசிய சம்பியனானபோது அந்த உயரம் எவ்வளவு பெறுமதியானது என்பதை எல்லோரும் பார்த்தோம். முத்தையா முரளிதரனின் முழங்கை பிறப்பிலேயே முழுமையாக நிமிராதது. வழமையான பார்வையில் அது ஒரு குறை. அந்தக் கையும் அசாதாரணமாகச் சுழலும் மணிக்கட்டும் சேர்ந்து 800 டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்தன.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1996 மார்ச் 17, லாகூர், உலகக் கிண்ண இறுதிப் போட்டி. ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்த அரவிந்த டி சில்வா கட்டையான மனிதர். மறுமுனையில் 47 ஓட்டங்களுடன் நின்று முடித்துக் கொடுத்த அர்ஜுன ரணதுங்க நல்ல பருத்த உடம்புக்காரர். இணையத்தில் இன்று விற்கும் உடல்வகைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அணி தெரிவு செய்திருந்தால், இருவரில் ஒருவரும் அந்த மைதானத்துக்கு வந்திருக்கமாட்டார்கள்.

ஒரே பயிற்சிக்கு எல்லா உடம்பும் ஒரே மாதிரிப் பதில் சொல்வதும் இல்லை. 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘ஹெரிடேஜ்’ என்ற பெயரில் ஒரு குடும்ப ஆய்வு நடந்தது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்த்து 20 வாரங்கள் ஒரே ஒழுங்கில் பயிற்சி கொடுத்தார்கள். சிலருடைய ஒட்சிசன் உள்ளெடுக்கும் திறன் மிக நன்றாக உயர்ந்தது. சிலருக்குக் கிட்டத்தட்ட அசையவே இல்லை. இந்த வித்தியாசத்தில் ஏறத்தாழப் பாதிக்குக் குடும்பப் பின்னணி காரணம் என்று கண்டார்கள். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று மாதத்தில் பெற்றதை நமது பிள்ளை பெறவில்லை என்றால், அவன் கள்ளம் செய்கின்றான் என்று முடிவு கட்ட வேண்டாம். அவனை அவனுடைய போன மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

தரம் 8இல் தெரிவது உடல் வகையா?

பெற்றோர்கள் பலர் கவனிக்காத விடயம் ஒன்று இருக்கின்றது. தரம் 7, 8, 9 வகுப்புகளில் நமது கண்ணுக்கு உடல் வகையாகத் தெரிவது, பல வேளைகளில் பருவமடையும் நேரத்தின் வித்தியாசம் மாத்திரமே.

பெண் பிள்ளைகள் சராசரியாக 12 வயதளவிலும் ஆண் பிள்ளைகள் 14 வயதளவிலும் மிக வேகமாக உயர்கின்றார்கள். இது சராசரிதான். சிலருக்கு அந்த வளர்ச்சி இரண்டு வருடம் முந்தும், சிலருக்கு இரண்டு வருடம் பிந்தும். ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருக்கும் இரண்டு பையன்களில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், தோள் விரிந்திருக்கும். மற்றவன் இன்னும் சிறு பிள்ளையின் உடம்போடு இருப்பான். பிறந்த திகதியை வைத்து வயதுப் பிரிவு போடும்போது இருவரும் ஒரே கோட்டில் நிற்கின்றார்கள். முந்தி வளர்ந்தவன் வெல்வான். அவனுக்கு மெய்வல்லுநர் அணியில் இடம், காலணி, மாலைநேரப் பயிற்சி எல்லாம் கிடைக்கும். பிந்தி வளர்பவனுக்கு ‘நோஞ்சான்’ என்ற பெயர் கிடைக்கும். 17 வயதில் அவன் இவனை எட்டிப் பிடிக்கலாம், முந்தியும் போகலாம். ஆனால் நாலு வருடம் மைதானத்துக்கு வெளியே நின்றவன் திரும்பி வருவானா?

இன்னொரு வகைப் பிள்ளைகளும் உண்டு. உயரப்போகும் முன் கொஞ்சம் சதை போடுபவர்கள். பத்துப் பதினொரு வயதில் வயிறு சற்றுத் தள்ளியிருக்கும். அந்த நேரத்தில் ‘தடியன்’ என்று பெயர் வைத்து ஓரத்தில் இருத்திவிட்டால், ஓடியாடிச் சமப்பட்டிருக்க வேண்டிய உடம்பு இருந்த இடத்திலேயே பெருக்கத் தொடங்கும். பிறகு, "நாங்கள் அப்பவே சொன்னோம்" என்று சொல்வது எவ்வளவு நியாயம்?

மெலிந்தவர்களுக்கான ஒரு எச்சரிக்கை

இந்தப் பதிவில் மிக முக்கியமான பகுதி இதுதான் என்று நினைக்கின்றோம்.

உடற்திணிவுச் சுட்டி என்று பாடசாலையில் கணிக்கின்றோம். கிலோகிராமில் நிறையை மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் அது. பெல்ஜியத்தைச் சேர்ந்த குவெட்டலே என்ற கணிதவியலாளர் 1830களில், மக்கள் கூட்டமொன்றின் சராசரியை அறிவதற்காகக் கண்டது. தனிமனிதரின் உடம்புக்குள் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்பதை அது காட்டாது.

2004ஆம் ஆண்டு ‘த லான்செட்’ மருத்துவ சஞ்சிகையில் இரண்டு மருத்துவர்கள் தங்களுடைய படங்களையே வெளியிட்டார்கள். ஒருவர் இந்தியாவின் பூனே நகரைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜோன் யட்கின். இருவருடைய உடற்திணிவுச் சுட்டியும் ஒன்றே: 22.3. அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் இருவரும் அளவான உடம்புக்காரர்கள். கதிர்ப்படம் எடுத்து உடம்பின் கொழுப்பை அளந்தபோது, யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் அதிகம். வெளியே மெலிவு, உள்ளே கொழுப்பு. தெற்காசியர்களாகிய நம்மிடம் இது பரவலாகக் காணப்படும் உடலமைப்பு. நமக்குத் தசை குறைவு. கொழுப்பு, ஈரலைச் சுற்றியும் குடலைச் சுற்றியும் சேர்கின்றது.

தசை குறைவதால் என்ன? நாம் சாப்பிடும் சோறும் பாணும் குளுக்கோசாக மாறிக் குருதிக்குள் வருகின்றன. அதில் பெரும்பங்கை இழுத்து வைத்துக்கொள்ளும் களஞ்சியம் தசைதான். களஞ்சியம் சிறிதாக இருந்து, அறுவடை மாத்திரம் மூன்று வேளையும் வந்துகொண்டிருந்தால் நெல்லை எங்கே கொட்டுவது? வாசலிலேதான் குவியும். சீனி வருத்தம் வரும் வழிகளில் இது ஒன்று. மெலிந்த மனிதருக்கும் அது வருகின்றது. மெலிந்தவர் என்பதால் அவர் பரிசோதிப்பதே இல்லை, அதனால் பிந்தித் தெரியவருகின்றது.

இந்தக் காரணங்களால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் ஆசிய மக்களுக்கு வேறு எல்லைகளைப் பரிந்துரைத்தது. ஐரோப்பியருக்கு 25இல் தொடங்கும் கவனம் நமக்கு 23இலேயே தொடங்க வேண்டும். 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம். பிள்ளைகளுக்கு இந்த எண்கள் பொருந்தாது. வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடம் அவர்களுக்கு வேறாக இருக்கின்றது. வீட்டில் கணக்குப் பார்த்துப் பிள்ளையைப் பட்டினி போட்டுவிட வேண்டாம்.

பெரியவர்களுக்கு எண்ணை விடவும் இலகுவான வழி தையற்காரரின் அளவு நாடா. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்றிமீற்றர், பெண்களுக்கு 80 சென்றிமீற்றர் எச்சரிக்கை எல்லை. இன்னும் இலகுவாகச் சொன்னால், வயிற்றின் சுற்றளவு உயரத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. 166 சென்றிமீற்றர் உயரமானவருக்கு 83. கையும் காலும் குச்சி போல இருந்து வயிறு மாத்திரம் 92 என்றால், அவர் ‘ஒல்லி’ என்று யார் சொன்னாலும் கணக்கில் எடுக்க வேண்டாம். நமது உடுப்புகளும் இதை மறைத்துவிடுகின்றன. காற்சட்டை என்றால் பொத்தான் பூட்டாமல் போகும்போதாவது தெரியவரும். சாரனுக்கும் அபாயாவுக்கும் அந்தப் பேச்சே இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுக் கணிப்பின்படி இலங்கையில் நிகழும் மரணங்களில் 83 சதவீதம் தொற்றா நோய்களால் ஏற்படுபவை. ஜனாஸா அறிவித்தல்களைக் கேட்கும் நமக்கு இது புதினமல்ல. "நல்ல மெலிஞ்ச மனிசன், ஒரு வருத்தமும் இருக்கல்ல" என்று மையித்து வீட்டில் எத்தனை தடவை கேட்டிருக்கின்றோம்? வருத்தம் இருக்கவில்லை என்பதன் பொருள், பல வேளைகளில், எவரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான்.

தடித்தவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம்

வயிற்றுக் கொழுப்பு ஆபத்தானது என்று இப்போதுதான் சொன்னோம். அதில் மாற்றமில்லை. ஆனால் தடித்த உடம்பு என்றாலே தகைமையில்லாத உடம்பு என்பது பிழை. அமெரிக்காவின் டலஸ் நகரில் ஸ்டீவன் பிளெயர் என்ற ஆய்வாளரின் குழு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை நடைப்பொறியில் ஓடவைத்து, பல வருடங்கள் தொடர்ந்து கவனித்து, 1999இல் முடிவுகளை வெளியிட்டது. தடித்திருந்தும் உடற்தகைமை உள்ளவர்களை விட, மெலிந்திருந்தும் உடற்தகைமை இல்லாதவர்களிடமே மரண அபாயம் கூடுதலாகக் காணப்பட்டது. மெலிவது நல்லதே. ஆனால் மெலியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நடக்கத் தொடங்கினால் நிறை குறையாவிட்டாலும் இருதயம் பலன் பெறுகின்றது என்பதே இதிலிருந்து நாம் எடுக்க வேண்டியது.

தடித்த பிள்ளைக்கும் உடம்பின் நிறையைத் தாங்கி நடந்து நடந்தே காலில் நல்ல பலம் இருக்கும். குண்டு போடுதல், பரிதிவட்டம் எறிதல், கபடி, நீச்சல் போன்றவற்றில் அவன் விரைவில் தேறுவான். அதற்காக அவனை அவற்றோடு கட்டிப்போடவும் வேண்டாம். ஓட்டமும் அவனுக்கு வேண்டும். முதலில் நடை, பிறகு நடையும் மெல்லோட்டமும் மாறி மாறி, பிறகு ஓட்டம். முழங்காலுக்குப் பாரம் ஏறாமல் கூட்டிக்கொண்டு போகலாம். வீட்டுவேலை செய்யாததற்குத் தண்டனையாக மைதானத்தை மூன்று சுற்று ஓடச் சொல்லும் வழக்கத்தை மாத்திரம் எங்கும் கைவிட வேண்டும். ஓட்டத்தைத் தண்டனையாகப் படித்த பிள்ளை, பெரியவனானதும் ஓடமாட்டான்.

மெலிந்த பிள்ளைக்கும் இதுவே பொருந்தும். ஓடச் சொன்னால் மாத்திரம் போதாது, அவனுக்குத் தசை வேண்டும். நமது கரையோர ஊர்களில் கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். அரிசி ஆலைகளில் மூட்டை தூக்கும் நாட்டாமைகளைப் பாருங்கள். பலர் மெலிந்தவர்கள். அவர்கள் தூக்குவதில் பாதியைக்கூட ஜிம் கண்ணாடியின் முன் நிற்கும் இளைஞர் சிலரால் தூக்க முடியாது. பாரம் கொடுத்தால் மெலிந்த உடம்பும் பலப்படும் என்பதற்கு அமெரிக்க ஆய்வு எதற்கு?

பவுடரும் பட்டியலும்

"உங்கள் உடல் வகை என்ன?" என்று ஐந்து கேள்வி கேட்டு, கடைசியில் கட்டணத்துக்கு ஒரு சாப்பாட்டுப் பட்டியல் விற்கும் காணொளிகள் நமது இளைஞர்களிடம் வந்து சேர்கின்றன. எக்டோமோர்ப்புக்கு இந்தச் சாப்பாடு, எண்டோமோர்ப்புக்கு அந்தச் சாப்பாடு என்று பிரிப்பதற்கு உறுதியான விஞ்ஞான ஆதாரம் இல்லை. சாதாரண தரம் எழுதிவிட்டு நிற்கும் பிள்ளை, வாப்பா வெளிநாட்டிலிருந்து அனுப்பும் காசில் பல ஆயிரம் ரூபாய்க்குப் புரதப் பவுடர் வாங்குகின்றான். முட்டை, மீன், பருப்பு, கடலை, கௌபி, பால் என்று நமது சந்தையில் கிடைப்பதே அந்த வயதுக்குப் போதும். அதைவிடப் பயங்கரம், "சீக்கிரம் சதை பிடிக்கும்" என்று சொல்லித் தரப்படும் ஊசியும் குளிசையும். ஸ்டீரொயிட் வகைகள் இருதயத்தையும் ஈரலையும் பழுதாக்கும், பிள்ளைப் பேற்றைப் பாதிக்கும், வளர்ந்துகொண்டிருக்கும் பையனின் உயரத்தையே நிறுத்திவிடும். உங்கள் மகன் இரண்டு மாதத்தில் திடீரென்று பருத்திருந்தால் பெருமைப்படுவதற்கு முன் அருகில் இருத்தி விசாரியுங்கள்.

நமது பெண்கள் எங்கே நடப்பது?

இதுவரை பேசியதில் பெரும்பகுதி ஆண் பிள்ளைகளைப் பற்றியது. மைதானம் அவர்களுடையதாக இருப்பதால் பேச்சும் அப்படியே போய்விடுகின்றது. சுகாதாரமும் உடற்கல்வியும் தரம் 9 வரை எல்லோரும் படிக்கும் பாடம். தரம் 10இல் அது விருப்பத்துக்குரிய பாடமாகிவிடும். ஆண் பிள்ளைகள் பாடம் போனாலும் மாலையில் பந்தோடு வெளியே போய்விடுவார்கள். நமது பெண் பிள்ளைகள் பலருக்கு உடம்பை அசைக்கும் வாழ்க்கை அத்தோடு முடிகின்றது. பாடசாலை, டியூஷன், வீடு. கலியாணம் முடித்துப் பிள்ளை பெற்ற பிறகு "தடிச்சிப் போய்ட்டா" என்று குறை சொல்கின்றவர்கள், அவள் நடப்பதற்கு ஊரில் எங்கே இடம் இருக்கின்றது என்று ஒரு தடவை யோசித்தார்களா?

இது மார்க்கப் பிரச்சினை அல்ல, ஒழுங்கு செய்யும் பிரச்சினை. பாடசாலை மைதானத்தில் வாரத்தில் மூன்று மாலை, அஸருக்குப் பின் ஒரு மணித்தியாலம், பெண்களுக்கு மாத்திரம் என்று ஒதுக்கலாம். சுற்றுமதில் உள்ள பாடசாலைகளுக்கு இது கஷ்டமே இல்லை. மண்டபம் இருந்தால் இன்னும் நல்லது. அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் ஒரே மேசையில் இருந்து பேசினால் ஒரு கிழமையில் முடியும் வேலை.

"எல்லோரையும் ஓடவிட்டால் வலய மட்டத்தில் பதக்கம் எப்படி எடுப்பது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அணிக்குத் தெரிவு வேண்டும், அதற்கு உடலமைப்பையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அணிக்குத் தெரிவு செய்வது வேறு, விளையாடும் உரிமைக்குத் தெரிவு செய்வது வேறு. நானூறு பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் நாற்பது பேர் ஓடி, முந்நூற்று அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தால், கிண்ணம் எத்தனை வந்தாலும் உடற்கல்வி நடந்தது என்று சொல்ல முடியாது.

என்ன செய்யலாம்?

வீட்டில்: ஐந்து முதல் பதினேழு வயது வரையான பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிட உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். டியூஷன் நேரசூசியில் அந்த ஒரு மணித்தியாலத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். உடம்பைச் சொல்லிக் கூப்பிடும் பட்டப்பெயர்களை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். செல்லமாகச் சொல்வதும் காயம்தான்.

பெரியவர்கள்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. பேச முடியும், பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்கும் வேக நடை போதும். இரண்டு நாளாவது தசைக்கு வேலை: கதிரையில் இருந்து எழும்புவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, மாடிப்படி ஏறுவது, தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்குவது. மெலிந்தவர்கள் இந்த இரண்டாவது பகுதியைக் கட்டாயம் விடக்கூடாது. பிளேன்டிக்குப் போடும் சீனியை மெதுவாகக் குறையுங்கள். மெலிந்தவரோ தடித்தவரோ, அரச வைத்தியசாலையில் சீனியையும் குருதி அமுக்கத்தையும் கொலஸ்ட்ரோலையும் பரிசோதியுங்கள். நீண்ட நாள் வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பாடசாலையில்: இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு தடவையாவது ஓடவும், பாயவும், எறியவும் விடுவோம். பெறுபேற்றைக் கொப்பியில் எழுதிவைத்து, மூன்றாம் தவணையில் அதே பிள்ளையை மறுபடி அளப்போம். முன்னேறியவர்களுக்கும் ஒரு சான்றிதழ் கொடுப்போம். அதிக செலவு இல்லை. ஒரு அளவு நாடா, ஒரு நிறுத்தற் கடிகாரம், ஒரு கொப்பி.

ஊர்ப் பெரியவர்களிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிடமும் நாம் கேட்பது இரண்டுதான். பெண்களுக்கான அந்த மூன்று மாலை நேரத்தை இந்தத் தவணைக்குள் ஒழுங்கு செய்து தாருங்கள். அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டியில் கூடாரத்தின் கீழ் எத்தனை பிள்ளைகள் இருக்கின்றார்கள் என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையை வருடாவருடம் குறைக்க எங்களோடு நில்லுங்கள்.